ஆறு ஸ்பிண்டில் சிஎன்சி ஆட்டோமேட்: புதிய வேலையை செட் செய்யும் முறை

கோவையிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஒற்றை ஸ்பிண்டில் ட்ராப் மிஷினில் கைபழகியவருக்கும் ஆறு ஸ்பிண்டில் ஆட்டோமேட் முதல் பார்வையில் மிரட்டலாகத்தான் இருக்கும். கதவைத் திறந்தால் ஒரே நேரத்தில் ஆறு பார்கள் சுற்றுகின்றன. எந்த டூல் எந்தப் பாரைத் தொடுகிறது என்று கண் பிடிப்பதற்குள் டிரம் ஒரு கட்டம் நகர்ந்துவிடுகிறது. இரண்டு விஷயம் புரிந்துவிட்டால் மிரட்சி போய்விடும். ஸ்பிண்டில்கள் டிரம்மோடு சேர்ந்து நகர்கின்றன. டூல்கள் அதனதன் இடத்தில் நிற்கின்றன. திருவிழா ராட்டினத்தில் பெட்டிகள் சுற்றிவர, டிக்கெட் கிழிப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான். நகர்வதை ஸ்பிண்டில் என்றும், நிற்பதை ஸ்டேஷன் என்றும் இந்த அத்தியாயம் முழுவதும் சொல்வேன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இந்த மிஷினில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி அந்தக் குழப்பத்தில் பிறப்பவை.

டிரம் ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு பீஸ் முடிந்து விழும். ஆகவே சுழற்சி நேரம் என்பது ஆறு ஸ்டேஷன்களின் நேரத்தைக் கூட்டி வருவதல்ல; அவற்றில் அதிக நேரம் எடுக்கும் ஒரே ஸ்டேஷனின் நேரம், அதோடு டிரம் நகரும் நேரம். தியரி இவ்வளவு போதும்.

ஜெர்மனியின் இண்டெக்ஸ், ஷூட்டே, சுவிட்சர்லாந்தின் டோர்னோஸ் ஆகிய கம்பெனிகளின் மிஷின்களைத்தான் இந்த வகையில் அதிகம் பார்ப்பீர்கள். பழைய கேம் மிஷின்களில் ஆறு ஸ்பிண்டிலும் பொதுவாக ஒரே வேகத்தில்தான் சுற்றும். இன்றைய சிஎன்சி மாடல்களில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் தனி மோட்டார் இருப்பதால், டிரில் ஸ்டேஷனில் ஒரு வேகம், மரை ஸ்டேஷனில் வேறு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே சொல்லும் வரிசை இப்படிப்பட்ட மிஷினுக்கானது.

முதல் கேள்வி: இந்த வேலை இந்த மிஷினுக்குத் தகுமா?

ஒரு புதிய வேலையை முழுதாக செட் செய்ய ஒரு ஷிஃப்ட் போகும். பழக்கமில்லாத கை என்றால் இரண்டு. அந்த ஷிஃப்டில் ஒரு பீஸ்கூட விற்பனைக்கு வராது. ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஆர்டர் வந்தால் ஒற்றை ஸ்பிண்டில் சிஎன்சியிலேயே முடித்துக் கொடுங்கள். லட்சக்கணக்கில், அதுவும் மாதாமாதம் திரும்பி வரும் வேலைக்குத்தான் இந்த மிஷின். "மிஷின் சும்மாதானே நிற்கிறது" என்று சின்ன லாட்டை ஏற்றுவது முதலாளிகளுக்கு வரும் பொதுவான ஆசை. அதற்கு இடம் கொடுத்தால் செட்டர் வாரம் முழுக்க காலெட்தான் மாற்றிக்கொண்டிருப்பார்.

மாதிரி வேலை: பிரேக் பைப் நட்

பழகுவதற்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஈஎன்1ஏ லெட் கலந்த ஸ்டீல், 11 மி.மீ. ஹெக்ஸ் பார். மொத்த நீளம் 18 மி.மீ. அதில் ஹெக்ஸ் தலை 5, அதை ஒட்டிய பள்ளம் 2, எம்10×1 மரை 11. நடுவில் 5 மி.மீ. துளை முழுதும் ஊடுருவிப் போகிறது.

ஹெக்ஸின் மூலையிலிருந்து மூலைக்கு 12.7 மி.மீ. நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால் சுமார் 2,500 ஆர்.பி.எம். வரும். அதே சுற்றில் 5 மி.மீ. டிரில்லுக்கு 39 மீட்டர், அதற்கும் பாதகமில்லை.

படிகள்

1. ஸ்டேஷன் பிளானைப் பேப்பரில் போடுங்கள். மிஷினைத் தொடுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். நம் நட்டுக்கு இப்படி வரும்:

ஸ்டேஷன் 1: வெளிப்புறம் 10.4 வரை முதல் டர்னிங், முனையில் சென்டர்.
ஸ்டேஷன் 2: டிரில், 10.5 ஆழம் வரை. மரைக்குப் பின் பள்ளம்.
ஸ்டேஷன் 3: டிரில், 20 ஆழம் வரை, ஹெக்ஸ் தலைக்குச் சேம்ஃபர்.
ஸ்டேஷன் 4: மரை விட்டம் 9.88க்கு ஃபினிஷ், முன்புறச் சேம்ஃபர்கள்.
ஸ்டேஷன் 5: மரை, இன்சர்ட்டால் 6 பாஸ்.
ஸ்டேஷன் 6: எதிர் ஸ்பிண்டில் பீஸைப் பிடிக்க, பார்ட்டிங், பிறகு பார் நகர்ந்து அடுத்த பீஸுக்குத் தயார். பின்புறச் சேம்ஃபர் எதிர் ஸ்பிண்டிலிலேயே முடிந்துவிடும்.

துளையை ஏன் இரண்டாகப் பிரித்தோம்? டிரில் ஒரு சுற்றுக்கு 0.12 மி.மீ. நகர்ந்தால் 2,500 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 5 மி.மீ. போகும். 20 மி.மீ.யையும் ஒரே ஸ்டேஷனில் போட்டால், நெருங்கும் தூரத்தையும் சேர்த்து 4.2 நொடி. டிரம் நகர 0.6 நொடி கூட்டினால் 4.8, மணிக்கு 750 பீஸ். இரண்டாகப் பிரித்தால் டிரில் ஒவ்வொன்றும் 2.3 நொடிக்குள் முடிகிறது. அப்போது மரை ஸ்டேஷன்தான் நீளமானது. 2,000 ஆர்.பி.எம்.மில் 6 பாஸுக்குச் சுமார் 3.4 நொடி. சுழற்சி 4 நொடி, மணிக்கு 900 பீஸ். ஒரே ஒரு டூல் ஹோல்டரைக் கூடுதலாக மாட்டியதற்கு மணிக்கு 150 பீஸ் லாபம்.

குறிப்பு: இரண்டாவது, மூன்றாவது நீளமான ஸ்டேஷன்களின் நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். மிக நீளமான ஸ்டேஷனை மட்டும் பாருங்கள். மற்ற ஸ்டேஷன்களில் நேரம் மிச்சமிருந்தால் அங்கே ஃபீடைக் குறையுங்கள். டூல் ஆயுள் கூடும். ஸ்டேஷன் 6இல் பார்ட்டிங் டூல் சீக்கிரம் முடித்தாலும், மரை ஸ்டேஷனின் 3.4 நொடி முடியும் வரை காத்திருக்கத்தான் போகிறது. பின் எதற்கு அதை வேகமாக ஓட்டி உடைக்க வேண்டும்?

2. பாரைச் சோதியுங்கள். எச்11 டாலரன்ஸில் வாங்கும் 11 மி.மீ. ஹெக்ஸ் பார் 10.89 வரை சிறுத்திருக்கலாம். கட்டுக்குக் கட்டு மாறும். ஒரு கட்டில் நாலைந்து பாரையாவது மைக்ரோமீட்டரால் பாருங்கள். வளைந்த பாரைத் தனியே ஒதுக்குங்கள். முனையில் பிசிறு இருந்தால் தேய்த்துச் சேம்ஃபர் போடுங்கள். பிசிறோடு ஏற்றிய பார் ஃபீட் ஃபிங்கரைக் கிழித்துவிடும். பாரை எண்ணெய்த் துணியால் துடைத்து ஏற்றுங்கள். குடோன் தூசியும் துருவும் நேரே காலெட்டுக்குள்தான் போகும்.

3. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலெட் மாற்றுங்கள். ஹைட்ராலிக் பிரஷரும் ஏர் பிரஷரும் பூஜ்யத்துக்கு இறங்கியதைக் கேஜில் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் தேங்கிய பிரஷர் ஒரு ஸ்லைடை நகர்த்தப் போதும்.

4. ஆறு காலெட்டும் ஒரே செட்டாக இருக்கட்டும். நான்கு புதிது, இரண்டு பழையது என்று கலந்து போடுவது நம் பட்டறைகளின் தீராத வியாதி. பழைய காலெட்டுகள் இரண்டும் பிடி தளர்ந்து, டிரில் அழுத்தத்தில் பார் பின்னால் நழுவும். பீஸின் நீளம் குறையும். அதைப் பார்த்துப் பார்ட்டிங் டூலை ஆஃப்செட் செய்தால் நன்றாக வந்துகொண்டிருந்த நான்கு ஸ்பிண்டிலும் கெடும். ஹெக்ஸ் பாருக்கு ஹெக்ஸ் காலெட், ஹெக்ஸ் ஃபீட் ஃபிங்கர், பார் அளவுக்கு ஏற்ற கைடு பைப் மூன்றும் ஒருசேர மாற வேண்டும்.

5. டூல்களை மாட்டி, ஒவ்வொன்றின் நீட்டத்தையும் அளந்து எழுதுங்கள். டிரில் தேவைக்கு மேல் ஒரு மி.மீ.கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

6. பார் இல்லாமல் வெற்று ஓட்டம். சிங்கிள் பிளாக் போட்டு, வேகத்தைப் பத்து சதவீதத்தில் வைத்து, டிரம்மைக் கையால் ஒவ்வொரு கட்டமாக நகர்த்துங்கள். இரண்டு பக்கத்து ஸ்டேஷன்களின் டூல்கள் ஒன்றையொன்று உரசுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இந்த மிஷினில் டூலும் பாரும் மோதுவதைவிட டூலும் டூலும் மோதுவதுதான் அதிகம். ஆறு ஸ்டேஷன் அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன.

7. ஒரே ஒரு பாரை ஏற்றுங்கள். முதல் ஸ்பிண்டிலில் மட்டும். அது ஸ்டேஷன் 1ஐ முடித்ததும் நிறுத்தி அளக்கவும். பிறகு ஸ்டேஷன் 2. இப்படி ஆறும். ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் அளவைத் தந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். "கடைசியில் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம்" என்று நகர்ந்தால், ஸ்டேஷன் 1இல் ஹெக்ஸ் மூலை மிச்சம் இருப்பது பின்னால் ஒரு டூல் உடையும்போதுதான் தெரியும்.

8. இப்போது ஆறு பாரையும் ஏற்றி, ஆறு ஸ்பிண்டில் சோதனை செய்யுங்கள். இதைச் செய்யாமல் புரொடக்ஷனைத் தொடங்கவே கூடாது. முறை எளிது. ஸ்டேஷன் 4இன் ஃபினிஷ் டூலின் ஆஃப்செட்டைத் தொடாமல் வரிசையாக ஆறு பீஸ் எடுங்கள். ஸ்பிண்டில் எண்ணை ஒவ்வொரு பீஸிலும் மார்க்கரால் எழுதுங்கள். மைக்ரோமீட்டரால் மரை விட்டத்தை அளந்து ஆறு எண்ணையும் ஒரு வரியில் எழுதுங்கள். 9.88, 9.88, 9.885, 9.88, 9.875, 9.88 என்று வந்தால் மிஷின் நலமாக இருக்கிறது. ஒரே டூல், ஒரே ஆஃப்செட். வித்தியாசம் முழுக்க மிஷினுடையது. டிரம் பூட்டும் இடத்தின் துல்லியமும், ஸ்பிண்டில் பேரிங்கும், காலெட்டும் சேர்ந்து தரும் எண் அது. 0.01க்குள் இருந்தால் நல்லது. 0.04 விரிந்திருக்கும் மிஷினில் 0.03 டாலரன்ஸ் கேட்கும் வேலையை எந்த செட்டராலும் தர முடியாது. வேலையை வேறு மிஷினுக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிடலாம். பல சிஎன்சி மாடல்களில் ஸ்பிண்டில்வாரியாகத் தனி ஆஃப்செட் கொடுக்கும் வசதி உண்டு. அதைச் சிறு வித்தியாசத்தைச் சரிசெய்யப் பயன்படுத்துங்கள். பேரிங் கோளாறை மூடிமறைக்க அல்ல.

9. அரை மணி நேரம் சூடேற விடுங்கள். காலையில் குளிர்ந்த மிஷினில் எடுத்த அளவும், ஆயில் சூடான பிறகு எடுக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. சூடேறும் முன் ஆஃப்செட்டைத் தொட்டால், சூடேறிய பின் அதைத் திரும்பத் தொட வேண்டிவரும்.

10. மறுபடி ஆறு பீஸ். இம்முறை எல்லா அளவும்: நீளம், துளை, சேம்ஃபர், ஹெக்ஸுக்கும் துளைக்கும் மையம், மரைக்கு கோ, நோகோ ரிங் கேஜ். குவாலிட்டி கையெழுத்து போட்ட பிறகே கவுண்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள்.

மரையை ரோலிங்கில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போது 9.88 விட்டம் ஆகாது. மெட்டலை வெட்டாமல் அழுத்தி மேலே ஏற்றுவதால், முதலில் பிட்ச் விட்டத்தை ஒட்டி 9.25 முதல் 9.32 வரை டர்ன் செய்ய வேண்டும். துளை போட்ட பிறகு ரோல் செய்தால் சுவர் நசுங்கித் துளை சிறுக்கும். ஸ்டேஷன் வரிசையை மாற்றி, ரோலிங்கை முன்னால் கொண்டுவாருங்கள்.

ஆறுக்கு ஒன்றா, எல்லாமுமா?

செட்டிங் முடிந்து மிஷின் ஓடும்போது கெட்ட பீஸ் வந்தால் உடனே ஆஃப்செட் பட்டனுக்குக் கை போகக் கூடாது. முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: தொடர்ந்து வந்த ஆறு பீஸில் எத்தனை கெட்டிருக்கிறது?

ஆறும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு ஸ்டேஷனில் இருக்கிறது. டூல் தேய்ந்திருக்கும், இன்சர்ட் நகர்ந்திருக்கும், ஆயில் குழாய் திரும்பியிருக்கும். அந்த ஸ்டேஷனைத் திருத்தினால் போதும்.

ஆறில் ஒன்று மட்டும் கெட்டு, அடுத்த ஆறிலும் அதே இடத்தில் ஒன்று கெட்டால் கோளாறு ஸ்பிண்டிலில். காலெட்டில் சுருள் சிக்கியிருக்கும், காலெட் விரிசல் விட்டிருக்கும், ஃபீட் ஃபிங்கர் தளர்ந்திருக்கும், அந்த ஸ்பிண்டிலின் பார் வளைந்திருக்கும். டூலைத் தொடாதீர்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டால் சுருளைச் சந்தேகியுங்கள். ஈஎன்1ஏயில் சுருள் குட்டையாக உடைந்து விழும். ஆனால் மழுங்கிய டூல் அதை நீள நூலாக்கிவிடும். அந்த நூல் சுற்றிக்கொண்ட டிரில் எந்தப் பீஸை எப்போது கெடுக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்காகத்தான் சொல்கிறேன்: மணிக்கொரு முறை சோதனைக்கு ஐந்து பீஸ் எடுக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஐந்து எடுத்தால் எப்போதும் ஒரு ஸ்பிண்டில் சோதனைக்குத் தப்பிக்கும். வரிசையாக ஆறு எடுங்கள்; எட்டு ஸ்பிண்டில் மிஷினில் எட்டு. ஆறு பள்ளம் உள்ள ஒரு மரத் தட்டு செய்து, பள்ளங்களுக்கு எண் போட்டு மிஷின் பக்கத்தில் வையுங்கள். மணிக்கு 900 பீஸ் விழும் மிஷினில் இருபது நிமிடம் கவனிக்காமல் விட்டால் 300 கெட்ட பீஸ் நல்ல பீஸோடு கலந்து டப்பாவுக்குள் போயிருக்கும். அதைப் பொறுக்கி எடுக்க ஆள் போட்டால் லாபம் முழுக்க அங்கே போய்விடும்.

எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாத சென்சார்கள்

பார்ட்டிங் சென்சார். ஸ்டேஷன் 6இல் பீஸ் அறுந்து விழவில்லை என்றால், அந்தப் பீஸோடு சேர்ந்து பார் அடுத்த கட்டத்துக்கு முன்னால் நீளும். ஸ்டேஷன் 1இன் டூல் இரட்டை நீளப் பாரில் போய் முட்டும். சென்சார் அடிக்கடி மிஷினை நிறுத்துகிறது என்று எரிச்சலில் அதைப் பைபாஸ் செய்யும் ஆப்பரேட்டர், அடுத்து நிறுத்தப்போவது ஒரு வாரத்துக்கு.

டிரில் உடைவு சென்சார். ஸ்டேஷன் 2இன் டிரில் உடைந்தால், துளை இருக்கும் என்று நம்பி வேகமாக வரும் ஸ்டேஷன் 3இன் டிரில் முழு மெட்டலில் மோதி அதுவும் உடையும். ஒரு டிரில்லின் விலை இரண்டாகும். டிரில் உடையும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இத்தனை ஆயிரம் பீஸுக்கு ஒரு முறை என்று எண்ணிக்கை வைத்து, உடைவதற்கு முன்பே மாற்றுங்கள். அந்த எண்ணிக்கையை உங்கள் மிஷினில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், கேட்டலாக் சொல்லாது.

ஆயில் ஃப்ளோ சென்சார். இந்த மிஷின்களில் பெரும்பாலும் தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயில்தான். ஆயில் ஓட்டம் நின்று, மழுங்கிய டூல் சிவக்கும்போது சுற்றிலும் ஆயில் புகை நிறைந்திருந்தால் தீப்பிடிக்கும். புகை உறிஞ்சியை வாரா வாரம் சுத்தம் செய்யுங்கள். தானியங்கித் தீயணைப்பு கார்பன் டை ஆக்சைடு வகையாக இருந்தால், அது பீய்ச்சிய பிறகு உடனே கதவைத் திறந்து தலையை உள்ளே விடாதீர்கள், மூச்சடைக்கும். ஹாலின் கதவு ஜன்னல்களைத் திறந்து காற்று மாறிய பிறகு பார்க்கலாம்.

கதவு இண்டர்லாக். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கை, உடை, பார்

சுற்றும் பாருக்கு அருகே கையுறை வேண்டாம். கையுறையின் நூல் ஒன்று மாட்டினால் விரலோடு இழுத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டை, மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் ஷிஃப்ட் முடியும் வரை லாக்கரில் இருக்கட்டும். சுருளைக் கையால் இழுக்காதீர்கள்; மிஷினை நிறுத்திக் கொக்கியால் இழுங்கள். துண்டான சுருளை ஏர் கன்னால் ஊதுவதும் வேண்டாம். அது உங்கள் கண்ணுக்கு வராவிட்டாலும் பக்கத்து மிஷின்காரர் கண்ணுக்குப் போகும்.

மிஷினுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பார்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கைடு பைப்புக்கு வெளியே அரை மீட்டர் பார் தொங்கினாலும், 2,500 ஆர்.பி.எம்.மில் அது வளைந்து சாட்டையாகச் சுழலும். பக்கத்தில் நிற்பவரை அடித்துக் கொல்லும் வேகம் அது. பார் நீளம் கைடு பைப்புக்குள் அடங்கவில்லை என்றால் அறுத்துச் சிறிதாக்குங்கள். பின்பக்கக் கம்பி வேலிக்குள் ஓட்டத்தில் யாரும் நுழையக் கூடாது.

பார் மாற்றும் நேரம்

3 மீட்டர் பாரில் மிச்சத் துண்டாக 150 மி.மீ. போக, பார்ட்டிங்கையும் சேர்த்துப் பீஸுக்கு 20 மி.மீ. என்றால் 142 பீஸ். ஆறு பாருக்கு 852. மணிக்கு 900 ஓடும் மிஷினில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறும் காலி. கையால் பார் ஏற்றும் மிஷின் என்றால், ஆறையும் ஒரே நேரத்தில் தீரவிடாமல் தொடக்கத்தில் வெவ்வேறு நீளப் பார்களைப் போட்டுப் பத்து நிமிட இடைவெளியில் தீரும்படி வையுங்கள். ஆப்பரேட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். புதுப் பார் ஏற்றிய ஸ்பிண்டிலின் முதல் பீஸ் எப்போதும் தனியே போகட்டும்; அதன் முனை சரியாக இருக்காது.

ஷிஃப்ட் முடியும்போது

கார்டில் இவற்றை எழுதிவிட்டுப் போங்கள்: எந்த ஸ்டேஷனின் டூல் எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது, எந்த ஸ்பிண்டிலுக்கு எவ்வளவு ஆஃப்செட் கொடுத்திருக்கிறீர்கள், கடைசி ஆறு பீஸின் அளவு என்ன, எந்தப் பார் கட்டு ஓடுகிறது. ஸ்பிண்டில் ஆஃப்செட் எழுதப்படாமல் போனால், இரவு ஷிஃப்ட் செட்டர் அதே ஸ்பிண்டிலை மறுபடி திருத்துவார். காலையில் வந்து நீங்கள் அதைத் திரும்பத் திருத்துவீர்கள்.